பிரான்சில் பியோ வைன்: எட்டு யூரோவுக்குள் எதைப் பார்த்து எடுப்பது

பிரான்சில் யாராவது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு வைன் போத்தலோடு போவது வழக்கம். இயற்கை முறையில் விளைந்த பியோ வைன் என்றால் விலை கூட என்று நினைத்து, புதிதாக வந்த நம்மவர்கள் பலர் அந்தத் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உண்மையில் ஐந்து முதல் எட்டு யூரோவுக்குள் நல்ல பியோ வைன் தாராளமாகக் கிடைக்கிறது. எந்தப் பகுதியில் விளைந்தது என்று பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விலையைத் தீர்மானிப்பதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. திராட்சையின் முதல் எதிரி அடிச்சாம்பல் நோய். யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருந்தவர்களுக்குப் பழக்கமானதுதான். தளிர் 10 செ.மீ. நீண்டு, வெப்பம் 10 பாகையைத் தாண்டி, 10 மி.மீ. மழையும் விழுந்தால் முதல் தொற்று வரும் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு. பியோ தோட்டத்தில் இதற்கு முக்கிய மருந்து செம்புதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையாக அடிப்பார்கள். அது இலைமேல் படிந்து நிற்கும், உள்ளே இறங்காது. 20 மி.மீ. மழை பெய்தால் பெரும்பாலும் கழுவிப் போய்விடும். அடித்த பிறகு விட்ட புதுத் தளிருக்கும் காப்பு கிடையாது. அதனால் மழை கூடிய போர்டோ பகுதியில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. டீசலும் கூலியும் ஏறும். தெற்கே லாங்டொக்கில் திரமொந்தான் என்ற வறண்ட காற்று இலைகளை உலர்த்திவிடுகிறது. மருந்தடிப்பு குறைய விலையும் இறங்குகிறது. ஆகவே போத்தலில் அந்தப் பக்கத்துப் பெயர்களான பெயி தொக், கோர்பியேர், மினெர்வுவா ஆகிய பெயர்களைத் தேடுங்கள்.

செம்பு மண்ணில் அழிவதில்லை. சேர்ந்துகொண்டே போய் மண்புழுவையும் நுண்ணுயிரையும் வாட்டும். பியோ முறையின் உண்மையான பலவீனம் இதுதான் என்பது எங்கள் கருத்து. 2019 முதல் ஐரோப்பிய விதி ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இன்னும் நல்ல வழி நோயைத் தாங்கும் இனங்கள். பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனம் இன்ரே உருவாக்கிய அர்தபான், விதொக், ஃப்ளொரெயால், வொல்தீஸ் ஆகியவை 2018-இல் பதிவாயின. மருந்தடிப்பு மிகவும் குறைந்துவிடும். போத்தலில் ஒட்டிய சுட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்றைக் கண்டால் தயங்காமல் எடுக்கலாம்.

களைக்கொல்லி இல்லாததால் கொடியடியில் கொத்துவதற்கு டிராக்டரில் பூட்டும் கத்தி ஒன்று இருக்கிறது. முன்னே நீட்டியிருக்கும் கம்பி தண்டைத் தொட்டதும் கத்தி உள்ளே மடங்கி, தண்டைத் தாண்டியதும் மறுபடி வெளியே வரும். வேகமாக ஓட்டினால் கத்தி மடங்குமுன்பே இளங்கொடி வெட்டுப்படும். வரிசைகளுக்கு நடுவே குளிர்காலத்தில் அவரை இனப் பயிர்களையும் பார்லியையும் பசுந்தாளாக விதைத்து, வசந்தத்தில் மடக்கிவிடுவார்கள். தெற்கில் இதைப் பிந்தினால் அந்தப் பயிரே கொடியின் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைதான் விதைப்பது. காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சி மணம் விடும் சிறு குப்பிகளை ஹெக்டேருக்கு ஏறக்குறைய 500 கட்டுவார்கள். ஆண் அந்துப்பூச்சி பெண்ணைத் தேடித் தடுமாறிவிடும். ஒருவர் மட்டும் தன் சிறு துண்டில் கட்டினால் பயனில்லை: வெளியே ஆணோடு இணை சேர்ந்த பெண் பூச்சிகள் பறந்து வந்து முட்டையிடும். கிராமமே சேர்ந்து செய்தால்தான் பலன்.

கடையில் பார்க்க வேண்டியது 12 நட்சத்திரங்களால் ஆன பச்சை இலை முத்திரை. பிரெஞ்சு வைனில் அதனருகே எஃப்ஆர்-பியோ என்று தொடங்கும் எண் இருக்கும். 'எச்விஇ' என்ற முத்திரை பியோ ஆகாது. ரசாயன மருந்து அதில் அனுமதிக்கப்படுகிறது. பியோவுக்கு மாற ஒரு தோட்டத்துக்கு 3 ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் பச்சை இலை போட முடியாது. 'ஆன் கொன்வெர்சியோன்' என்று எழுதிய போத்தல் அநேகமாக மலிவு, தோட்ட வேலையோ பியோ விதிப்படிதான்.

இனிப்பில்லாத பியோ சிவப்பு வைனில் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட்டு லீற்றருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். சாதாரண வைனில் 150 வரை. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு: பியோ வைனைத் தெளிவிக்கவும் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீன் பசை எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. 'வீகன்' முத்திரை தனியாக இருந்தால்தான் நம்பலாம்.

நம் உறைப்புக் கறிக்குத் துவர்ப்பான சிவப்பு ஒத்துவராது, எரிவு கூடும். ரோஸே நல்லது, புளி விட்ட மீன்குழம்புக்கு பிக்பூல் து பினே என்ற புளிப்பான வெள்ளை பொருந்தும்.

வீட்டில் அடிக்கடி விருந்தென்றால் 3 லீற்றர் பெட்டி வாங்குங்கள். கண்ணாடி மிச்சம், திறந்தபின் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். தெற்கில் இருப்பவர்கள் கூட்டுறவு வைன் நிலையத்துக்குக் கலனோடு போய் லீற்றர் கணக்கில் நிரப்பலாம். சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் மட்டும் கழுவி, விளிம்புவரை நிரப்பி, ஓரிரு நாளில் போத்தலில் மாற்றிவிட வேண்டும். கலனில் காற்றுக்கு இடமிருந்தால் வைன் புளித்துவிடும்.