கொள்ளிடத்தின் தரைமட்டம்: ஒரு நாட்குறிப்பு

மே 11, 2025, ஞாயிறு

கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. ஆற்றின் தரையைப் பார்க்க இதுதான் சமயம். லால்குடிப் பக்கக் கரையிலிருந்து இறங்கி நடந்தேன். ஊர்க் குடிநீருக்காக எப்போதோ இறக்கிய உறைகிணறு ஒன்று நடு ஆற்றில் தனியாக நிற்கிறது. மேல் உறை வெயிலில் வெளுத்திருக்கிறது. அதன் கீழே சுற்றிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உள்ள உறைகள் கறுத்து, இணைப்பில் பூசிய சிமெண்டு உதிர்ந்து, உள்ளே ஜல்லி தெரிகிறது. அந்தக் கோடுதான் பழைய மணல் மட்டம். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது.

காலடியில் பல இடங்களில் மணலே இல்லை. வெடித்த களி, அதில் சீமைக் கருவேலம், நாணல். திருச்சியில் 1928இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து உடைந்தது. தொண்ணூறு வருஷம் வெள்ளங்களைத் தாங்கிய பாலம் அது. காலின் கீழே தரை இறங்கிவிட்டால் எந்தத் தூணும் தாங்காது.

மே 18, ஞாயிறு

முக்கொம்பு. காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் நேரானது, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணல்மேடாகி, தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

பாடப் புத்தகக் கதை இதோடு முடிந்துவிடும். அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். சில வருஷங்களிலேயே காவிரிக்குள் தண்ணீர் அளவு மீறிப் பாய்ந்து, தரையைப் பறித்து ஆழமாக்கி, கரையை அரிக்கத் தொடங்கியது. ஆகவே 1840களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்தார்கள். காவிரியின் தலைப்பில் தரையோடு தரையாகக் குறுக்குச் சுவரும் போட்டார்கள். ஒரு கட்டுமானத்துக்கு ஆறு தன் தரையால் பதில் சொன்னது. அந்தப் பதிலைச் சமாளிக்க அடுத்த கட்டுமானம்.

2018 ஆகஸ்ட் 22 இரவு இதே மேலணையின் 9 மதகுகள் அடித்துப் போயின. அணைக்கு வயதாகிவிட்டது என்றார்கள் சிலர், மணல் கொள்ளை என்றார்கள் சிலர். இரண்டையும் பிரித்துப் பேசுவதே தவறு என்று நினைக்கிறேன். அணைக்குக் கீழ்ப்பக்கம் தரை இறங்கினால் தண்ணீர் விழும் உயரம் கூடும். விழும் வேகம் அணையின் அடியைத் தோண்டும். மணல்மேல் உட்கார்ந்திருக்கும் பழைய அணைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து எது? இப்போது பக்கத்தில் புதிய கதவணை நிற்கிறது.

மே 24, சனி

முக்கொம்புக்கு மேற்கே, காவிரியில் நேரடியாகப் பிரியும் ஒரு வாய்க்கால். அதில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவரைப் பார்த்தேன். தலைப்பு மதகின் கருங்கல் படியைத் தொட்டுக் காட்டினார். "எங்க காலத்துல ஆத்துல ரெண்டடி தண்ணி வந்தாலே இந்தப் படிக்குத் தானா ஏறிடும் தம்பி. இப்ப அதே தண்ணி கீழயே ஓடிப் போயிடுது. கொரம்பு போட்டு மறிச்சாத்தான் உண்டு."

கொரம்பு என்றால் மணலும் தழையும் மூட்டையும் வைத்து ஆற்றில் போடும் தற்காலிகத் தடுப்பு. வெள்ளம் வந்தால் போய்விடும், மறுபடி போட வேண்டும். "அளவுக் கல்லுல தண்ணிய தினம் படிச்சு எழுதி அனுப்புவோம் ஐயா" என்று அவருடன் பேசிக்கொண்டிருந்த பழைய சக ஊழியர் சொன்னார். தரை எவ்வளவு இறங்கியது என்று எழுத அந்த நோட்டில் பத்தி கிடையாது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. 1934இல் முடிந்த அணை, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குறுவைக்குத் தேதி வைத்துத் தண்ணீர் விட முடிவது அதனால்தான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு கொண்டுவந்த மணலும் வண்டலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. மேலே வரவு நின்றது. கீழே பொக்லைன் அள்ளிய செலவு மட்டும் நடந்தது. 2003இல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியும் அது நிற்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணை. மதகு ஏறியதும் மலர் தூவினார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு வழி. காவிரி கொள்ளிடத்துக்குள் வழிந்துவிடாமல் தடுப்பதுதான் கல்லணையின் ஆதி வேலை. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை நம் முன்னோரிடம் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அந்த வித்தைக்கு மணல் இருக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

அணைக்கரை. மேட்டூர் நிரம்பி, உபரி கொள்ளிடத்தில் போகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே இங்கே நிற்கும் கீழணையும் 1836இல் கட்டியதே. இங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு, வீராணத்திலிருந்து சென்னைக்கும் தண்ணீர் போகிறது. கீழணையைத் தாண்டிய கொள்ளிடம் வெள்ள வடிகாலாகவே நடத்தப்படுகிறது. பெரும்பாலான மாதங்கள் அங்கே நல்ல தண்ணீர் இல்லை, தரையும் தாழ்ந்திருக்கிறது. கடல் சும்மா இருக்குமா? உப்பு ஆற்றுக்குள் ஏறி, கரையோரக் கிணறுகளையும் கெடுக்கிறது. தடுக்க ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை எழுந்திருக்கிறது. தேவையானதுதான். ஆனால் அதன் கீழ்ப்பக்கத் தரையை முதல் வருஷத்திலிருந்தே அளந்து வைக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். முக்கொம்பு முதல் கடல் வரை கொள்ளிடத்தின் குறுக்குவெட்டு அளவுகள், அதாவது கரைக்குக் கரை தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கு, எடுத்த ஆண்டு வாரியாக, எடுத்த இடம் வாரியாக. மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. இந்த அளவுகள் வந்தால், கிடைத்தபடியே இங்கே பதிவிடுகிறேன்.