ஆனிக் காற்றுக் குறிப்புகள்

ஜூன் 24, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. தங்கச்சி பாப்பா காலேஜ் கடைசிப் பரீட்சை எல்லாவற்றிலும் பாஸ். அம்மா நேராகக் காலண்டரிடம் போனாள். ஜூலை 17 ஆடி பிறக்கிறது, அதற்குள் முடித்தாக வேண்டுமாம். படிப்பு முடித்ததற்குச் சோறு போட ஆடி என்ன, ஆவணி என்ன? சொன்னால் யார் கேட்கிறார்கள். ஜூலை 13, ஞாயிறு. வீட்டிலேயே. நாற்பது பேர். பத்தாயிரத்துக்குள்.

ஜூன் 26

காற்று நிற்கவே இல்லை. கொடியில் காயப்போட்ட துண்டு பக்கத்துத் தோட்டத்து வேலியில் கிடந்தது.

ஜூன் 27

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மிணி, சீர்த் தட்டு எத்தனை வைக்கோணும்?"

"சீரெல்லாம் வேண்டாங் மாமா. சும்மா சாப்பாடுதானுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப மாப்பிள்ளை எந்த ஊரு?"

பெரியம்மாவும் இதையேதான் கேட்டாள். எதிர்வீட்டு அக்காவும். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்காகச் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சோறு போடுவது இரண்டே தடவை. மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால், நாம் எதையோ மறைக்கிறோம் என்றே நினைக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். தறி அப்போது ஓடவே இல்லை.

ஜூன் 29

பந்தல்காரர் வந்து வாசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று பல்லடம், உடுமலை வழியாகத்தான் ஓடுகிறது. சும்மாவா இங்கே இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! ஷாமியானா கட்டினால் காலை கட்டியது மதியம் தாராபுரத்தில் இருக்கும் என்றார். சரி, பந்தல் செலவு மிச்சம். வாசலில் இலை போட்டாலும் சோற்றோடு பறக்கும். திண்ணையிலும் கூடத்திலும் ஜமக்காளம் விரித்து மூன்று பந்தி. நாற்காலி மட்டும் வாடகைக்கு, பெரியவர்களுக்கு.

சாப்பாடு: அரிசிம்பருப்பு சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், தயிர், ஒப்புட்டு (போளிதான்). ஐந்து கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பு என்று அத்தை கணக்குச் சொன்னார். சின்ன வெங்காயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாதாம். குழம்பு, ரசம் என்று இழுக்காத ஒரே விருந்து இதுதான். ஒரு அண்டா, ஒரு அடுப்பு. நெய்க்கு ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்கலாம். அதில் குறைத்தால் அரிசிம்பருப்புக்கு மரியாதை இல்லை.

பெரியப்பா மட்டும், "கறி இல்லாம என்ன விருந்து?" என்று கேட்டாராம். கேட்கட்டும்.

ஜூலை 1

என் வீட்டுக்காரர் போன் செய்தார். எப்போது வருவாய் என்றார். பதிமூன்று முடிந்து என்றேன்.

ஜூலை 3

மொய் வேண்டாம் என்றால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "நாம செஞ்சதெல்லாம் அவங்க எப்பத் திருப்பறது?" அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாம் வைத்த மொய் அவர்கள் தலையில் கடனாக நிற்கிறது, தீர்க்க ஒரு விசேஷம் வேண்டும். ஆனால் வாங்கினால் திரும்ப அத்தனை வீட்டுக்கும் ஓட வேண்டும். இதற்குப் பெயர் சிக்கனமா? யார் யாருக்கு எவ்வளவு என்று பார்க்க மொய் நோட்டைத் தேடிப் பீரோவைக் கவிழ்த்தோம்.

நோட்டுக்கு முன்னால் கைக்கு வந்தது பாப்பாவின் முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகல். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தக் கட்டணச் சலுகை. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் கிடையாது. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது என் இடுப்பில் பையன். பேனா எழுதவில்லை என்று நான்தான் வேறு பேனா எடுத்துக் கொடுத்தேன்.

மொய் நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது.

ஜூலை 6

வேலைக்கான மெயில் வரவில்லை. பாப்பா சோற்றுத் தட்டிலும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூலை 8

கேக் வேண்டுமாம். கறுப்புத் தொப்பி வைத்த கேக்! ஒரு கிலோ விலை கேட்டு வந்தேன். அந்தக் காசுக்கு நாற்பது பேருக்கும் ஒப்புட்டு போடலாம். பட்டமளிப்பு விழா எப்போது என்று இன்னும் தெரியவில்லை, அதற்குள் தொப்பி என்ன? திட்டிவிட்டேன். அரைக் கிலோ சொல்லியாயிற்று. தொப்பியோடு.

ஜூலை 10

பெரியம்மா மறுபடியும் போன். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருவார்கள் என்று. அப்பா போனை வாங்கி, "படிச்சதுக்குத்தானுங்க அண்ணி சோறு" என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் இதைப்பற்றி அவர் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 12, இரவு

பொறுப்பில்லாத காற்று. வாழைத்தார்க்காரர் வாசலில் கட்டியிருந்த மரத்தையே சாய்த்துவிட்டது. மரம் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன், அது கல்யாண வீட்டு அடையாளம். மொய் உண்டா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா புது நோட்டு வாங்கி மஞ்சள் தடவி வைத்திருப்பதைப் பார்த்தேன்.

ஜூலை 13, காலை

மாமா ஏழு தட்டோடு வந்து நிற்கிறார். பழம், தேங்காய், வெற்றிலை, பட்டுப்புடவை எல்லாம் உண்டு. ஏழாவதில் லேப்டாப் பை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கூடவே சொல்லாத ஆட்களும் ஒரு வேன் நிறைய. அத்தை இன்னும் இரண்டு கிலோ அரிசி களையச் சொல்கிறார், டிரம் பக்கம் போக வேண்டும்.