இரண்டு நாள் அவகாசம்

"அதுதான் இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே?" என்று கேட்டார் முதன்மை ஆய்வாளர். "இல்லை, இப்படியே போகட்டும்" என்றேன். அந்தப் பதில் சரிதானா என்பது இன்றும் மனதை அரிக்கிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) ஆர்-01 ஆய்வு நிதிக்கான விண்ணப்பம், கடைசி நாள், மாலை நாலரை. அனுப்பும் பொறுப்பு என்னுடையது. விண்ணப்பம் முதலில் போய்ச் சேரும் அரசுத் தளமான கிராண்ட்ஸ்.கவ் ஏற்றுக்கொண்டுவிட்டது, அதைச் சரிபார்க்கும் என்.ஐ.எச். தளமான இ.ஆர்.ஏ. காமன்ஸும் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் காமன்ஸ் தொகுத்துக் கொடுத்த பி.டி.எஃப்-இல் ஏழாம் பக்கத்து வரைபடத்தில் எழுத்துகளைக் காணோம். கோடுகள் இருந்தன. எது மருந்து கொடுத்த எலிகளுடையது, எது கொடுக்காதவற்றுடையது என்று தெரியவில்லை. எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் படத்தைச் சேமித்தால் இப்படி ஆகும். ஆய்வாளரின் கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது.

அவர் அப்படிக் கேட்டதில் தவறே இல்லை. 2007 பிப்ரவரியில் ஆர்-01 காகிதத்திலிருந்து மின்வழிக்கு மாறியது. புது முறைக்குப் பழகும்வரை, கெடு முடிந்த பிறகும் பிழை திருத்தச் சிறிது அவகாசம் தந்தார்கள். 2011 ஜனவரி 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது, விண்ணப்பத்தைப் பார்வையிட இரண்டு வேலை நாள். அதற்குள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஒப்பமிடும் அதிகாரி அதை நிராகரிக்கலாம், அதாவது மதிப்பீட்டுக்குப் போகாமல் நிறுத்தலாம். ஆனால் திருத்திய விண்ணப்பம் கெடு நாளில் உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குள் பிழையின்றிப் போயாக வேண்டும். போகாவிட்டால் அது தாமத விண்ணப்பம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் இரண்டு வாரச் சலுகை குடும்பத்தில் மரணம், திடீர் நோய் போன்றவற்றுக்கானது. எழுத்துருவுக்கு அல்ல.

கையில் இருந்தது அரை மணி நேரம். படத்தை எழுத்துருவோடு சேமித்து, ஆய்வுத் திட்டக் கோப்பை மறுபடி உருவாக்கி, படிவத்தின் முதல் கட்டத்தில் 'திருத்திய விண்ணப்பம்' என்று குறித்து, பழைய கிராண்ட்ஸ்.கவ் தட எண்ணை இட்டு, முன்னதை நிராகரித்துவிட்டு அனுப்ப வேண்டும். எண் விடுபட்டால் பிழை. படம் சற்றே பெரிதாகி 12 பக்கம் 13 ஆனாலும் பிழை. காமன்ஸ் சில நேரம் நிமிடங்களில் பதில் தரும், சில நேரம் மணிக்கணக்காகும். அந்தப் பதில் ஐந்துக்கு மேல் பிழையோடு வந்தால், பழையதும் கையில் இல்லை, புதியதும் இல்லை. குறையுள்ள விண்ணப்பம், விண்ணப்பமே இல்லாத நிலையைவிட மேல் என்பதுதான் என் கணக்கு. இன்றும் அது சரியென்றே படுகிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கம் உறுத்துகிறது. 2010-இல் ஆய்வுத் திட்டத்தை 25 பக்கத்திலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு, முன்பு இரண்டு பத்தி சொன்னதை ஒரு படமே சொல்லியாக வேண்டியிருக்கிறது. நான் ஒரு படம்தானே என்று நினைத்த இடத்தில் இருந்தது அவருடைய முதற்கட்டத் தரவு முழுவதும். பிறகு துணைத் தகவலாக அனுப்பவும் வழியில்லை. சமர்ப்பித்த பின் கண்ட பிழைகளைத் திருத்தத் துணைத் தகவலுக்கான விதி இடம் தருவதில்லை. நிராகரிக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கும் ஒப்பமிடும் அதிகாரிக்கும்தான். நான் 'இல்லை' என்று சொன்ன வேகத்தில் அவர்கள் யோசிக்கவே நேரம் இருந்திருக்காது.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, தொகுத்து வந்த பிரதியை வேறொரு கணினியில் பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. அதை எல்லோரும் அறிவோம். புள்ளிவிவரம் கெடு நாள் காலையில்தான் முடிகிறது என்பதையும் அறிவோம்.

நிதி கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர்களின் குறிப்பில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது பொருட்டாகப் படவில்லையா, புரியாததால் தாண்டிப் போனார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியவில்லை.