கொடு, தா, 'கிவ்': ஆங்கிலக் கொப்பியின் சிவப்பு மை

நம் பள்ளிக்கூடத்து ஆங்கிலக் கொப்பிகளில் சிவப்பு மை அதிகம் விழுந்தது நீளமான சொற்களில் அல்ல, 'கிவ்' என்ற சின்னச் சொல்லில்தான். 'கிவ், கேவ், கிவன்' என்று மூன்றையும் பாடமாக்கிய பிறகும் 'ஹேவ் கேவ்' என்று எழுதி வட்டம் வாங்கியவர்கள் பலர். 'ஹேவ்' வந்தால் 'கிவன்'. அது ஒரு கிழமையில் திருந்திவிடும் பிழை. பொருளை முன்னால் வைப்பதா, பெறுபவரை முன்னால் வைப்பதா என்ற குழப்பம்தான் லேசில் போகாது.

தமிழில் அந்தக் கவலை இல்லை. 'பள்ளிக்குப் பத்துக் கணினி கொடுத்தார்', 'பத்துக் கணினியைப் பள்ளிக்குக் கொடுத்தார்' என்று எப்படிப் புரட்டினாலும் பெறுபவர் யாரென்று 'கு' உருபு சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை இடம் செய்கிறது. பெறுபவர் வினையை ஒட்டி நின்றால் 'டு' வராது: 'ஹீ கேவ் த ஸ்கூல் டென் கம்ப்யூட்டர்ஸ்'. பொருள் முந்திக்கொண்டால் 'டு' வேண்டும்: 'ஹீ கேவ் டென் கம்ப்யூட்டர்ஸ் டு த ஸ்கூல்'. நாம் எழுதியதோ 'கேவ் டு த ஸ்கூல் டென் கம்ப்யூட்டர்ஸ்'. 'கு'வை அப்படியே தூக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போனதால் வந்த வினை.

சரி, இரண்டு வரிசையும் தெரிந்துவிட்டது என்று 'டொனேட்'டில் கை வைத்தால் மறுபடியும் வட்டம். 'டொனேட்டட் த ஸ்கூல் டென் கம்ப்யூட்டர்ஸ்' பிழை. அதற்கு 'டு' வரிசை மட்டுமே உண்டு. கிவ், செண்ட், லெண்ட், ஷோ போன்ற குறுஞ்சொற்கள் இரண்டு வரிசைக்கும் வளையும். டொனேட், கொன்ட்ரிபியூட், எக்ஸ்ப்ளெய்ன் போன்ற லத்தீன் வழிச் சொற்கள் பெரும்பாலும் வளையா. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்லக் கூடாததும் இதனால்தான். கிராண்ட், அவார்ட் இரண்டும் விலக்கு: 'அவார்டட் ஹெர் எ ஸ்கொலர்ஷிப்' சரி. 'புரொவைட்' தனிப்போக்கு, பெறுபவரை முன்னால் வைத்தால் பொருளுக்கு முன் 'வித்' கேட்கும். நன்கொடைக் கடிதம் எழுதும் சங்கச் செயலாளர்கள் இன்றும் சறுக்கும் இடம் இது. 'த ஸ்கூல் வாஸ் கிவன் டென் கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதலாம். அங்கே 'டொனேட்டட்' போட்டால் பள்ளியையே தானம் செய்த மாதிரித் தொடங்கும்.

ஆங்கிலம் ஒரே சொல்லில் முடிப்பதை நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பெறுபவர் நானோ நீயோ என்றால் 'தா', மூன்றாம் ஆள் என்றால் 'கொடு'. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் சொன்ன இந்த வேறுபாடு யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது: 'உனக்குத் தாறன்', 'அவனுக்குக் குடுக்கிறன்'. தரும்படி கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ', ஒத்தவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு' என்றும் அதே நூல் வகுக்கிறது. 'கிவ்' இவை எதையும் காட்டாது. பணிவு வேண்டுமானால் 'குட் யூ', 'பிளீஸ்' என்று வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

துணைவினையாக வரும் 'கொடு' இன்னொரு கண்ணி. 'வாங்கிக்கொடுத்தார்' என்பதை 'பாட் அண்ட் கேவ்' என்று இரண்டாக உடைப்போம். 'பாட்' ஒன்றே போதும். ஆனால் அதற்கு 'டு' அல்ல, 'ஃபோர்': 'பாட் எ பென் ஃபோர் மீ'. 'சொல்லிக்கொடு' வெறும் 'டீச்'. 'விட்டுக்கொடு' என்றால் 'கிவ் இன்'. 'கிவ் அப்' அல்ல, அது கைவிடுவது. 'காட்டிக்கொடு' மட்டும் அதிசயமாக 'கிவ் அவே'யோடு ஒத்துப்போகிறது. என்ன, ஆங்கிலக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் அதே 'கிவ் அவே'தான்.