வாடை

எட்டு வருடம் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆலை கட்ட விரும்புகிறவர் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது கூடவே ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதைத் தயாரித்துத் தருவதுதான் எங்கள் தொழில். அதற்குக் காசு கொடுப்பவரும் ஆலைக்காரர்தான். எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர், "கம்பெனிக்காரன் காசுல எழுதுற அறிக்கைல கம்பெனிக்கு விரோதமாவா எழுதுவீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறப்பேன்.

எனக்கு அங்கே இரண்டு வேலை. காற்றுத் தூசி அளக்கும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஒன்று. தமிழ்ச் சுருக்கம் எழுதுவது இன்னொன்று. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைப்படி, அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கொடுத்தாக வேண்டும். ஆபீசில் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுகிறவன் நான்தான் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் நானூறு பக்கம், தமிழில் பன்னிரண்டு பக்கம். ஊர்க்காரர்கள் படிப்பது அந்தப் பன்னிரண்டைத்தான்.

பழைய தென்னார்க்காட்டில் ஒரு சிற்றூர். பேர் வேண்டாம், மில்லின் பேரும் வேண்டாம். ஊரை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலை. ஆலையின் தெற்கு மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு தெரு, முப்பது நாற்பது வீடுகள். ஆலை வளாகத்துக்குள்ளேயே, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை ஒன்றைக் கட்டப் போகிறார்கள். நிர்வாகம் அதை "எத்தனால் பிரிவு" என்றது. தெருவில் எல்லோருக்கும் அது "சாராயக் கம்பெனி".

தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே விஷயம் புரிய ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பென்ட் வாஷ்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். தமிழில் அதற்கு என்ன பெயர்? ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை வெளியே வரும் அடர் பழுப்பு நீர் அது. அதன் கரிமச் சுமை வீட்டுச் சாக்கடையைப் போல நூறு மடங்குக்கு மேல். நான் "கழிவுநீர்" என்று எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையில் அடித்து "திரவ உரம்" என்று மாற்றினார். அதைக் கரும்புச் சாற்றை வடிகட்டும்போது தங்கும் பிரஸ்மட் மண்ணில் தெளித்து எருவாக்கும் திட்டம் இருந்ததால் அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த எருக்களம் வரைபடத்தில் தெற்கு மதிலை ஒட்டித்தான் இருந்தது.

கள வேலை மார்ச் முதல் மே வரை. மழைக்காலம் அல்லாத ஏதாவது ஒரு பருவத்தின் அளவீடு போதும் என்பது நடைமுறை. மில்லுக்கு அவசரம், கோடை கிடைத்தது, எடுத்துக்கொண்டோம். மொட்டை மாடியில் கருவி வைக்க இடம் தரும் வீடு கிடைப்பதே பெரிய பாடு. கருவி ராத்திரி முழுக்க இரையும், கரண்ட்டும் அவர்களுடையது. தெருவில் ஒரு ஆயாதான் இடம் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு நாள், 24 மணி நேரம். வடிதாளை எடை போட்டு, ஓட்டி, மறுநாள் எடுத்து மறுபடி எடை போட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. மூன்று மாதத்தில் ஆயா வீட்டுக் காப்பிக்கு நான் பழகிப்போனேன்.

முடிவுகள் அருமையாக வந்தன. மிதக்கும் நுண்தூசிக்கு (PM10) 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். நாங்கள் அதைத் தொடவே இல்லை. காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நேரம் அடித்தது என்று காட்டும் படத்துக்கு எங்கள் தொழிலில் 'விண்ட் ரோஸ்' என்று பெயர். (நாற்றத்தைப் பற்றிய அறிக்கையில் ரோஜா!) எங்கள் ரோஜாவின் இதழ்கள் தெற்கிலும் தென்கிழக்கிலும் நீண்டிருந்தன. அதாவது தென்றல். மில்லின் வாடையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம், வடக்கே கரும்புக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆவணியில், கல்யாண மண்டபத்தில். முப்பது நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிப்பு, கலெக்டர் ஆபீசிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அறிக்கையின் பிரதிகள், மேடையில் மாவட்ட வருவாய் அலுவலர், வீடியோ என்று எல்லாம் முறைப்படி நடந்தது. மில் தரப்பில் இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு கரும்பு விவசாயி மைக்கைப் பிடித்து, "வெட்டின கரும்புக்கு இன்னும் பணம் வரல. எத்தனால் வித்தா மில்லு கையில காசு வரும், எங்க பாக்கி வரும். நாத்தம்னா மூக்கப் பொத்திக்கலாம், வயித்த எப்படிப் பொத்தறது?" என்றார். கைதட்டல். பெட்ரோலில் எத்தனால் கலப்பதை அரசு வேகப்படுத்திய காலம் அது. அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் அவர் வீடு மில்லிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

தெருக்காரர்களிடம் இன்னொருவர் கேட்டார்: மில் வந்த பிறகுதானே வந்து வீடு கட்டினீர்கள்? இதற்குத்தான் அவர்களிடம் சரியான பதில் வரவில்லை. மில்லில் கூலி வேலைக்கு வந்தவர்கள், வேலைக்குப் பக்கத்தில் மனை மலிவாகக் கிடைத்ததால் வாங்கியவர்கள். இதை எப்படி இரண்டு நிமிடத்தில் மைக்கில் சொல்வது? ஒரு பையன் ஆர்.ஓ. தண்ணீர், போர் தண்ணீர் என்று நன்றாகப் பேசினான். அப்புறம் ஆயா எழுந்தார். மைக்கைத் தொடாமல், மேடையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார்:

"சித்திரைல வந்து காத்து புடிச்சா இன்னா தெரியும் தம்பி? மார்கழில வாடை எறங்கும் பாரு, அப்ப வந்து எங்கூட்டுல ஒரு ராத்திரி படு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வாடை என்றால் நாற்றம், வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. இரண்டும் ஒன்றாக வரும் மாதத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் தெருவுக்கு வடக்கே மில். மூன்று மாதம் அவர் மாடியில் கருவி ஓட்டியும் எங்களுக்குத் தெரியாமல் போனது அதுதான்.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் வேண்டாம் என்று எண்ணவும் மாட்டார்கள். சொன்ன ஒவ்வொன்றும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். ஆலைத் தரப்பு அதற்குப் பதில் எழுதித் தர வேண்டும். அந்தப் பதில்களை எழுதுவதும் நான்தான். ஆயா பேசியது குறிப்பில் "துர்நாற்றம் குறித்து அச்சம் தெரிவித்தார்" என்று ஏறியிருந்தது. காற்று போயிற்று, மார்கழி போயிற்று, 'வந்து படு' போயிற்று. எதிரில் இருந்த கட்டத்தில் நான் எழுதினேன்: "உரிய தடுப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்."

வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். சுற்றுப்புறக் காற்றுக்கான 2009 தேசிய தர அளவில் பன்னிரண்டு பொருள்கள் இருக்கின்றன. கந்தக டை ஆக்சைடு உண்டு, ஈயம் உண்டு, அம்மோனியா உண்டு, பென்சீன்கூட உண்டு. நாற்றம் என்று ஒரு வரி கிடையாது. எண் இல்லாத புகாரை என் அட்டவணையில் எங்கே போடுவது? சரி, காற்றின் திசையையாவது போட்டிருக்கலாம். குளிர்காலத்தில் இரண்டு வாரம் கூடுதலாக அளக்கலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "யார் காசு கொடுப்பா?" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. மாதக் கடைசி, வீட்டு லோன் தவணை.

அனுமதி பிறகு வந்தது. எருக்களம் கூடாது, ஸ்பென்ட் வாஷை ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தி பாய்லரில் எரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தெருவில் அதைத் தங்கள் வெற்றி என்று வெடி வெடித்தார்கள். சாராய ஆலைகள் பலவற்றுக்கும் அப்போது அதே நிபந்தனை விதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால், அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை லீவில் பஸ் ஏறிப் போனேன். கருவி எதுவும் எடுத்துப் போகவில்லை. ஆயா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தார். அரவைப் பருவம், மில் ராத்திரி முழுக்க உறுமியது. பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. சும்மாதான் வந்தோமோ என்று தூங்கிவிட்டேன். மூன்று மூன்றரை இருக்கும், விழிப்பு வந்தது. புளித்த பாகும் அழுகிய முட்டையும் கலந்த ஒன்று போர்வைக்குள் புகுந்து நாக்கில் உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த ராத்திரிகளில் தரையை ஒட்டிய காற்று மேலே எழ முடியாமல் மூடி போட்டாற்போலக் கிடக்கும் என்று கல்லூரியில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். சாக்கடையும் பாகுத் தொட்டியும் விட்டதெல்லாம் அந்த மூடிக்கடியில் வடகாற்றில் மெதுவாக நகர்ந்து மதிலைத் தாண்டித் தெருவில் தேங்கி நின்றது. உள்ளே ஒரு குழந்தை இருமியது. இன்னும் சாராய ஆலைக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. இது பழைய மில்லின் வாடை மட்டும்.

ஆயா நாலரைக்கு எழுந்து, முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வாசல் தெளித்தார். கோலம் போட்டார். ஏழரைக்கு வெயில் தெருவுக்குள் வந்தது. எட்டு மணிக்குச் சுத்தமாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுத் தாளிப்பு மட்டும் வந்தது.

"போயிருச்சு பாத்தியா," என்றார் காப்பியை நீட்டி. "மனு குடுத்தா ஆபீசருங்க வர்றாங்க தம்பி, வரலன்னு சொல்ல மாட்டேன். பத்து மணிக்கு மேல வருவாங்க. நின்னு மோந்து பாத்துட்டு, எங்கம்மா நாறுதுன்னு கேப்பாங்க."