கல்லுக்குள்ள பூ

நேற்றுப் பின்னேரம் பெறாமகளோட யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனனான். மதிலில கை வைச்சுப் பார்த்தவள், "சித்தப்பா, கல்லுக்குள்ள பூ இருக்கு" எண்டாள். முருகைக்கல். ஒரு காலம் கடலுக்குள்ள உயிரோட இருந்தது. சின்னச் சின்ன நட்சத்திரக் குழியள் இன்னும் அப்பிடியே கிடக்கு.

"கோட்டைக்கு ஏன் அஞ்சு மூலை?" எண்டும் கேட்டாள். மணலில கீறிக் காட்டினன். கோட்டை மூலையில வெளிய துருத்தி நிக்கிற கொத்தளம் வட்டமா இருந்தால், அதுக்கு நேர முன்னால பக்கத்துப் பீரங்கியளுக்குத் தெரியாத ஒரு மறைவு விழும். எதிரி அதுக்குள்ள ஒதுங்கி நிண்டு மதிலுக்குக் கீழ தோண்டலாம். கூர்க் கொத்தளத்தில அந்த மறைவு இல்லை. ஒண்டை மற்றது காவல் காக்கும். 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில இத்தாலியில பிறந்த கேத்திரகணிதம் அது. 1658இல போர்த்துக்கேயரிட்ட இருந்து கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தர், அதை எங்கட கடல்கல்லில எழுப்பிச்சினம்.

அந்தக் காலம் இஞ்ச இருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ், 1672இல ஆம்ஸ்டர்டாமில வெளிவந்த தன்ர புத்தகத்தில தமிழ் எழுத்துகளையும் அச்சில போட்டவர். எனக்குப் பீரங்கியளை விட அந்த எழுத்துகள்தான் பெரிசு.

வெளிக்கிடேக்க, மணலில கீறின ஐங்கோணத்தை மிதிக்க அவள் விடேல்லை.