சனிக்கிழமை வகுப்பில் பாரி மகளிர்

ஒன்ராறியோவில் 23 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்டால், பள்ளி வாரியம் அவர்கள் மொழியில் வகுப்பு நடத்தியாக வேண்டும். டொராண்டோவுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போது அப்படியொரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டரை மணி நேரம். அதில் ஒரு கவிதையாவது இருந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நான் கவிதை படித்த விதம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மனப்பாடப் பகுதி, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு. கல்லூரியில் தமிழ் எடுத்தபோதும் திணை, துறை, கூற்று என்று பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. இங்கே முதல் டிசம்பரில் வேலை எதுவும் அமையாமல் வீட்டில் இருந்தேன். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், குறுந்தொகை 234ஆம் பாட்டு தானாக வாயில் வந்தது. வானம் சிவந்து முல்லை பூக்கும் நேரத்தைத்தான் மாலை என்கிறார்களே, அவர்கள் மயங்கியவர்கள். துணை இல்லாதவர்களுக்கு விடியலும் மாலை, ‘பகலும் மாலை’. அதைப் பாடிய மிளைப்பெருங்கந்தனார் பனியைக் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் என் ஜன்னலுக்கு வெளியே இருந்ததை அவரைவிடச் சரியாக எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளே பொது நூலகத்துக்குப் போய்த் தமிழ் அடுக்கைத் துழாவினேன்.

அதனால் வகுப்பில் பொழிப்புரையை முதலில் சொல்வதில்லை. பாட்டைச் சத்தமாகப் படிப்போம், சீர் பிரித்து, திரும்பத் திரும்ப. வாய்க்குப் பழகிய பிறகுதான் மற்றதெல்லாம்.

பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்த பின் அவன் மகள்கள் பாடிய புறநானூறு 112ஐ நடத்திய அன்று, பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் ‘அற்றைத் திங்கள்’, அதாவது தந்தையும் குன்றும் இருந்த அந்த மாதம்; வலது பக்கம் ‘இற்றைத் திங்கள்’, இரண்டும் போன இந்த மாதம். மொத்தமே ஐந்து அடி. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை அழித்துக்கொண்டே வாருங்கள் என்றேன். திங்கள் போனது, வெண்ணிலவு போனது. மிஞ்சியது தந்தையும் குன்றும். “நிலவு மாறேல்லை, ரீச்சர். அப்பாதான் இல்லை” என்றான் பின் வரிசையில் ஒருவன். வகுப்பில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். நான் அவர்களுக்கு ரீச்சர், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மிஸ்.

‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற இடத்துக்கு வந்ததும், தங்கள் அப்பாவைக் கொன்றவர்களை ஏன் இப்படிப் புகழ்கிறார்கள் என்று கேட்டார்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டும் வெல்ல முடியாமல் வஞ்சனையால்தான் பாரியைக் கொன்றார்கள் என்ற கதையைச் சொன்னேன். “ஓ, நக்கலடிக்கினம்!” என்றாள் ஒருத்தி. பழைய உரைகாரரும் அதை இகழ்ச்சி என்றே சொல்கிறார். பதின்மூன்று வயதில் நக்கலை விளக்கத் தேவையே இல்லை.

அவளே அப்புறம் கேட்டாள்: “இப்ப அந்த மலை ஆரிட்ட இருக்கு?” சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையைத்தான் பறம்பு மலை என்கிறார்கள், கோயில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று பதில் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. அவளுடைய தாத்தாவின் வீடு யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடு என்பது பிறகு அவளுடைய அம்மா பேசும்போதுதான் தெரிந்தது.

இங்கே ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016இல் கனடா நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. விழா மேடைகளில் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பேனர் கட்டாதவர்களைப் பார்ப்பது அரிது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. முதல் அடியோடு நிறுத்திவிட்டால் அது வரவேற்பு வளைவு போல ஆகிவிடுகிறது. ஆற்று வெள்ளத்தில் போகும் புணையும் (தெப்பம்), பெரியோரை வியத்தலும் இலமே என்ற நிமிர்வும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே இந்த ஜனவரியில் அந்த அடி வரும் பாட்டு, கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192, முழுவதையும் எடுத்தேன். இரண்டாம் அடியைத் தாண்ட முடியவில்லை.

“‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ எண்டால், பாரியின்ர மலையை ஆர் பறிச்சது?” என்றாள் அதே பெண். கணியன் பூங்குன்றனார் சொல்வது மனப்பக்குவத்தை, இது வேறு என்று ஒருவன் அவருக்காக வாதாடினான். மலை போனவளிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா என்று அவள் விடவில்லை. இருவரும் புறநானூற்றுக்காரர்கள், ஒரே நூலில் எப்படி என்று இன்னொருவன். அழைத்துப்போக வந்த பெற்றோர் கதவருகே நிற்க, வகுப்பு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவித் தாவிச் சண்டை போட்டது. நான் யார் பக்கமும் பேசவில்லை. இன்றுவரை எனக்கும் முடிவில்லை. பாரி மகள் பூங்குன்றனாருக்கு எழுதும் கடிதம், ஒரு பக்கம், அடுத்த சனிக்கிழமைக்குள் என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினேன்.